துளை ஊசி செட்: மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு நேர்மையான புலம்பல்

"அட்டையில் எம்ப்ராய்டரி போடுற அந்த செட் பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?" என்று தோழி கேட்டிருக்கிறார். அலுமினியக் கைப்பிடி வைத்த துளை ஊசி, ஃபோம் மெத்தை, டிசைன் தாள்கள், கொஞ்சம் நூல். அட்டையை மெத்தைமேல் வைத்து, டிசைன் தாளைப் பார்த்து துளை ஊசியால் ஓட்டை குத்தி, பிறகு தையல் ஊசியால் அதில் நூல் கோக்க வேண்டும். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இல்லாததைச் சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்தக் கைப்பிடியில் ஊசி நிற்பதில்லை. முனையில் இருக்கும் திருகை எவ்வளவு இறுக்கினாலும் முப்பது நாற்பது ஓட்டைக்குள் ஊசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. ஊசி என்பது முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிற கூம்பு. ஆழம் குறைந்தால் ஓட்டையும் சிறுக்கும். கண்ணுக்கு எல்லா ஓட்டையும் ஒரே மாதிரிதான் தெரியும், தைக்கும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். தையல் ஊசியில் அகலமான இடம் காது. அது ஓட்டையில் சிக்கும், விரலால் தள்ளுவோம், அட்டை மடங்கும். வாழ்த்து அட்டையில் ஒருமுறை விழுந்த மடிப்பு போகாது. இஸ்திரி போட்டாலும் போகாது.

ஊசியின் காதுப் பக்கத்தில் நூல் சுற்றி, குறடால் திருகை இறுக்கலாம். இரண்டு அட்டை தாங்கும், அவ்வளவுதான். நிலையான வழி, 7-ம் நம்பர் தையல் ஊசியை எம்-சீல் (பிசைந்து வைத்தால் கல்லாகிற ஒட்டுமாவு) உருண்டையில் செருகி, 8 மில்லிமீட்டர் மட்டும் வெளியே விட்டு ஒரு நாள் காயவிடுவது. உருண்டையின் முன்பக்கத்தை ஈரமாக இருக்கும்போதே தட்டையாக்கிவிட வேண்டும். அது டிசைன் தாளை லேசாகத் தொடும்வரை அழுத்தினால் எல்லா ஓட்டையும் ஒரே ஆழம், ஒரே அகலம். தைக்க 10-ம் நம்பர் ஊசி. நம்பர் கூடக்கூட ஊசி மெலியும் என்பதால் காது தடையில்லாமல் போகும். இவ்வளவு மலிவாகச் செய்ய முடிந்ததை அந்த செட்காரர்கள் ஏன் செய்யவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

மெத்தையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. 10 மில்லிமீட்டர் ஃபோம். எத்தனை ஆயிரம் குத்து வாங்கியிருக்கும் என்று தெரியாது, இன்னும் எழும்பி நிற்கிறது. டவலை மடித்து வைத்துக் குத்தினால் அட்டை கீழே குழிந்து ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு பள்ளம் விழும். தெர்மகோல் முதல் அட்டைக்கு அருமை. அடுத்த அட்டைக்குப் பழைய ஓட்டை இருக்கும் இடத்தில் பிடிமானமே இருக்காது. பழைய யோகா பாயை வெட்டி இரண்டடுக்காக வைத்தால் ஏறக்குறைய இந்த மெத்தைதான்.

எதிர்பாராத சந்தோஷம் டிசைன் தாள்களில் இருந்தது. பூ, பொம்மை எல்லாம் சுமார். வட்ட டிசைன் ஒன்று இருக்கிறது, 25 மில்லிமீட்டர் ஆரம், 36 ஓட்டை. 1-ல் மேலே வந்து 13-ல் இறங்க வேண்டும். பின்பக்கம் பக்கத்து ஓட்டைக்கு ஒரு தாவல், 14-ல் ஏறி 2-ல் இறக்கம், 3-ல் ஏறி 15-ல் இறக்கம். இப்படியே போனால் அத்தனையும் நேர்க்கோடு, ஆனால் நடுவில் யாரும் வரையாத ஒரு வட்டம் தானாகத் திறக்கும், சரியாகப் பாதி ஆரத்தில். 12-க்குப் பதில் 15 ஓட்டை தள்ளித் தைத்தால் உள்வட்டம் சுருங்கும், 9 என்றால் விரியும். குழந்தைகளுக்கு வடிவியல் புரிய இப்படி அட்டையில் நூல் கோக்க வைத்தவர் மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916). கணித மேதை ஜார்ஜ் பூலின் மனைவி. எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இவருக்குப் பெரியப்பா முறை.

இந்த வட்டத்துக்கு நூல் கணக்கு: முன்பக்கக் கோடு ஒன்று 4.3 சென்டிமீட்டர், 36 கோடு, பின்பக்கத் தாவல்களும் சேர்த்து சுமார் 1.7 மீட்டர். ஆறு இழை நூலில் ஒரே ஒரு இழை. ஆனால் மொத்தத்தையும் ஒரே நீளமாகக் கோத்துவிடக் கூடாது. அட்டை துணி இல்லை, ஓட்டையின் விளிம்பு ஒவ்வொரு இழுப்புக்கும் நூலைச் சுரண்டும். ஒரு முழத்துக்கு மேல் போனால் கடைசிக் கோடுகள் பிசிறோடு மங்கித் தெரியும். ஐந்து முறை கோப்பது சலிப்புதான், வேறு வழியில்லை. செட்டில் வரும் ஜரிகை நூலைப் பற்றிப் பேசவே வேண்டாம். மேலே சுற்றிய தகடு மூன்றாவது ஓட்டையில் உரிந்து உள்நூல் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

அட்டை 220 முதல் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு). ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, வந்ததை மடித்தால் அளவு சரி. ஓட்டைக்கு ஓட்டை 3 மில்லிமீட்டர் விடுங்கள். ஒன்றரைக்குக் கீழே போனால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகக் கிழியும். நூலை எப்போதும் அட்டைக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் ஓட்டை கீறலாகிவிடும்.

முடிச்சு போடாதீர்கள், பின்னால் தாள் ஒட்டியதும் முன்பக்கம் பரு மாதிரி துருத்தும். நூல் நுனியை ஒட்டத்தான் வேண்டும், ஆனால் செலோடேப்பால் வேண்டாம். மூன்று வருடத்துக்கு முந்தைய அட்டைகளில் டேப்பின் பசை பழுத்து, ஓட்டைகள் வழியாக முன்பக்கம் பழுப்புப் புள்ளிகளாக வந்திருக்கிறது. வெள்ளை அட்டையில் தேமல் மாதிரி. இப்போது குண்டூசித் தலையளவு ஃபெவிகால் மட்டும். கூடினால் அட்டை நெளியும்.

ஆக, மெத்தை நன்று, டிசைன் நன்று, கைப்பிடி மட்டும் மோசம். கூட்டிக் கழித்தால் பாதி விலைக்கு வாங்கலாம் என்றுதான் வர வேண்டும். இன்று காலை 31-வது ஓட்டையில் அந்தத் திருகு மறுபடி நழுவியது, அதனால் என் பதில்: வேண்டாம். போன வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அப்படியும் வாங்கினால், பெட்டியைப் பிரித்த அன்றே எம்-சீலைப் பிசைந்துவிடுங்கள், காய ஒரு நாள் வேண்டும்.