ஆள் சீட்டில் இல்லை என்று போனுக்கு யார் சொல்வது?

மேஜை போன் 20 விநாடி அடித்து ஓய்ந்த பிறகுதான் பல அலுவலகங்களில் அழைப்பு மொபைலுக்குப் போகிறது. அதற்குள் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். ஆள் சீட்டில் இல்லை என்பது முன்கூட்டியே தெரிந்தால் இந்தக் காத்திருப்பு மிச்சம். எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் போட்டி.

கையால் ஃபார்வர்டு போடும் பழைய வழிக்குச் செலவில்லை. வெளியே கிளம்பும்போது ஞாபகமாகப் போடுபவர், திரும்பியதும் எடுக்க மறந்துவிடுவார். அவ்வளவுதான் அதன் கதை.

மேஜை போனும் மொபைலும் ஒரே நேரத்தில் அடிப்பது அடுத்த வழி. ஆள் எங்கே என்ற கேள்வியே இல்லை. எனக்குப் பிடித்ததும் அதனால்தான். ஆனால் மொபைல் அணைந்திருந்தால் அதன் வாய்ஸ்மெயில் உடனே எடுத்துக்கொள்ளும். 'யாரோ எடுத்துவிட்டார்கள்' என்று பிபிஎக்ஸ் (அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும் அமைப்பு) நினைத்து மேஜை போனை நிறுத்திவிடும். சீட்டிலேயே இருப்பவருக்கு மணி பாதி அடித்ததுமே அடங்கிவிடும். எடுத்தவர் 1-ஐ அழுத்தினால் மட்டும் இணைக்கும்படி வைத்தால் இது தீரும். ஆஸ்டெரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளின் ஃபாலோமீ வசதி அப்படித்தான் கேட்கிறது.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற அலுவலகச் செயலிகள் கம்ப்யூட்டரையும் காலண்டரையும் பார்த்துச் சொல்பவை. ஸ்கிரீனைப் பூட்டினால் 'வெளியே', மீட்டிங் நேரம் வந்தால் 'பிஸி'. தனியாகக் கருவி வேண்டாம். ஆனால் கீபோர்டைத் தொடாமல் அச்சிட்ட ஃபைலைப் புரட்டுபவரும் அதன் கணக்கில் ஊரில் இல்லாதவர். ரத்தான மீட்டிங்கைக் காலண்டரிலிருந்து நீக்காதவர் சும்மா இருந்தாலும் பிஸி.

மொபைலின் ப்ளூடூத்தையோ வைஃபையையோ மோப்பம் பிடிப்பது கேட்கச் சுவாரசியமானது, நடைமுறையில் தொல்லை. ப்ளூடூத் அலை மெல்லிய சுவரைத் தாண்டும்; பக்கத்து அறையில் இருப்பவரும் சீட்டில் இருப்பவராகத் தெரிவார். சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் அப்படியே. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்கு உண்மையான மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) பதில் மாற்று முகவரியைத்தான் காட்டுகின்றன. யாருடைய போன் எது என்று உண்மை முகவரிகளை எழுதிவைத்த பழைய பட்டியல் வேலை செய்யாது. இதில் இன்னொரு சங்கடம்: யார் எப்போது எழுந்து போனார் என்ற பதிவு தானாகவே சேர்ந்துவிடும். கடைசி நிலையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழிக்காவிட்டால் இது போன் வசதி அல்ல, உளவு.

பொய் சொல்லாத தகவல் ஒன்று உண்டு: லைன் பிஸியா என்பது. பிபிஎக்ஸ் வழியாகப் பேசும் பேச்சென்றால் அதற்கு யூகமே தேவையில்லை.

மற்றதெல்லாம் யூகம் என்பதால், யூகம் தப்பினால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இருப்பவரை 'இல்லை' என்று நினைத்தால் மொபைலும் சேர்ந்து அடிக்கும், பெரிய பாதகமில்லை. இல்லாதவரை 'இருக்கிறார்' என்று நினைத்தால் அழைப்பே தவறிப்போய்விடும். ஆகவே என் தேர்வு, மேஜை போன், மொபைல் இரண்டிலும் மணி, அதோடு டீம்ஸ் வகைத் தகவல். 'இருக்கிறார்' என்றால் மேஜை போன் முதலில், 10 விநாடியில் மொபைலும். 'வெளியே' என்றால் இரண்டும் உடனே. எந்த நிலையிலும் மேஜை மணியை நிறுத்தக் கூடாது.

பலர் சேர்ந்து எடுக்கும் கால் க்யூவில் மட்டும் கணக்கு வேறு. அங்கே இல்லாதவரைத் தாராளமாகத் தவிர்க்கலாம், அடுத்தவர் எடுப்பார். டீம்ஸ் க்யூவில் அப்படித் தவிர்க்கும் வசதியை இயக்கினால் பச்சை நிலையில் ('இருக்கிறார்') உள்ளவருக்கு மட்டுமே மணி போகும். எல்லோரும் ஒரே மீட்டிங்கில் உட்கார்ந்தால் ஒருவருக்கும் போகாது. காத்திருப்பு நேரம் தாண்டினால் அழைப்பு எங்கே போக வேண்டும் என்பதை அதே நாளில் அமைத்துவிடுங்கள்.