மூன்று சிம், இரண்டு ஊர், இரண்டரை வருடம்: எங்கே எது எடுத்தது

“எந்த நெட்வொர்க் நல்லா இருக்கு?” என்று யாராவது கேட்டால், “வீட்டில் எந்த ரூமில் உட்கார்ந்து போன் பார்ப்பீர்கள்?” என்று திருப்பிக் கேட்கும் ஆளாகிவிட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று கம்பெனி சிம்களை வைத்துக்கொண்டு, சென்னை வேளச்சேரிக்கும் தேனி மாவட்டத்தில் கோம்பையை ஒட்டிய எங்கள் ஊருக்கும் மாதாமாதம் அலைகிறவனுக்கு வேறு கேள்வி வாயில் வருவதில்லை.

கதை 2023 ஜூலையில் ஆரம்பித்தது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால் மாதத்தில் ஒரு வாரம் ஊரிலிருந்தே வேலை பார்க்க வேண்டிய நிலை. முதல் வாரமே, ஒரு வீடியோ மீட்டிங்கில் வாய் பாதி திறந்த கோலத்தில் என் படம் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து நான் திரும்பி வந்தபோது கூட்டமே முடிந்திருந்தது. அந்தப் படத்தை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட, இனி இதை விடக்கூடாது என்று இன்னும் இரண்டு சிம் வாங்கினேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கினேன். இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது.

சிம்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நோட்டில் எழுதியிருக்கிறபடி ஒன்று, இரண்டு, மூன்று என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் படுத்துக்கிடப்பது உங்கள் தெருவில் பறக்கலாம். பெயரைச் சொன்னால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு போய் சிம் வாங்கிவிட்டு, அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.

அளந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். போனில் தெரியும் கோடுகளை நம்பக்கூடாது. ஒரே சிக்னலுக்கு ஒரு போன் மூன்று கோடு காட்டும், இன்னொன்று நாலு காட்டும். ஆண்ட்ராய்டில் நெட்மான்ஸ்டர் மாதிரி ஓர் ஆப் போட்டால் சிக்னல் எண்ணாகவே தெரியும். டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு, மைனஸுக்குப் பின்னால் எண் ஏற ஏற சிக்னல் பலவீனம். மைனஸ் 85 டிபிஎம் என்றால் கவலையில்லை. மைனஸ் 105 என்றால் திணறல். மைனஸ் 115க்குக் கீழே போனால் போனைப் பையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், 95க்கும் 105க்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை என்று புரியும்.

வேகத்துக்கு ஸ்பீடு டெஸ்ட் ஆப்பை மட்டும் நம்புவதையும் சீக்கிரம் விட்டேன். அது பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் சர்வரை, சில சமயம் அந்தக் கம்பெனியின் சர்வரையே, எடுத்துக்கொள்கிறது. வீட்டு வாசலில் ஓடிப் பார்த்துவிட்டு மாரத்தான் ஓடுவேன் என்கிற மாதிரி. அதனால் ஆபீஸ் சர்வரில் இருக்கும் ஒரே 50 எம்பி கோப்பை ஒவ்வொரு முறையும் இறக்கி, எத்தனை செகண்ட் ஆனது என்று எழுதுவேன். இன்னொன்று, 300 எம்பிபிஎஸ் வேகத்தில் பத்து செகண்ட் டெஸ்ட் ஓடினால் 375 எம்பி கரைந்துவிடும். தினசரி அளவு உள்ள பிளானில் இருப்பவர்கள் பெருமைக்காக டெஸ்ட் போட்டுப் பார்க்க வேண்டாம்.

வேளச்சேரியில் எங்களுக்கு இரண்டாவது மாடி. ஹாலில் பால்கனி ஓரமாக நின்றால் முதல் சிம்மில் 5ஜி 280, 300 எம்பிபிஎஸ் என்று எகிறும். இரண்டாவது 90 தாண்டாது. இதைப் பார்த்துவிட்டு எவரும் முதல் சிம்முக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். ஆனால் என் மேஜை இருப்பது உள் அறையில், நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. அங்கே முதல் சிம் 5ஜியை விட்டு 4ஜிக்கு இறங்கி 12 காட்டும். இரண்டாவது அலட்டாமல் 35 கொடுக்கும்.

காரணம் எளிது. இங்கே 5ஜியின் பெரிய வேகம் வருவது 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையில். அதில் தாராளமாக இடம் உண்டு, ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் சோர்ந்துவிடும். 700, 850, 900 மாதிரி கீழ் அலைவரிசைகள் சுவரைத் துளைத்து உள்ளே வரும். ஆனால் ஒவ்வொரு கம்பெனியிடமும் அவை இருப்பது கொஞ்சம்தான், அதனால் வேகம் குறைவு. 2022 ஏலத்தில் ஜியோ 700ஐ நாடு முழுக்க வாங்கியதும் இந்த உள் அறைக் கணக்குக்காகத்தான். புதுப் போன் வாங்குகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்க்கிற நேரத்தில், எந்தெந்த பேண்ட், அதாவது அலைவரிசை, இருக்கிறது என்ற வரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் பழைய போனில் 700 இல்லை. அந்தப் போனில் எந்த சிம்மைப் போட்டாலும் 700ல் வரும் 5ஜியை எடுக்க வழியில்லை.

அடுத்தது நேரம். உள் அறையில் காலை ஆறு மணிக்கு இரண்டாவது சிம்மில் 60 வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு அதே நாற்காலி, அதே மைனஸ் 82, வேகம் மட்டும் 5. கோடு முழுசாக இருந்தும் வட்டம் சுற்றுகிறதே என்று வீட்டில் புலம்புவார்கள். டவரின் சிக்னல் எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதைத்தான் கோடு சொல்கிறது. அந்த டவரில் தெருவே தொங்கிக்கொண்டிருப்பது அதில் தெரியாது. ஐபிஎல் நாட்களில் நான் மீட்டிங்கே வைத்துக்கொள்வதில்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அந்த நாலு பக்கத்தை நோட்டில் இப்போது பார்த்தாலும் கையெழுத்து கோணலாகத்தான் தெரிகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதியது. கீழே பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். விடியற்காலை கரண்ட் போனது. முற்பகல் வரைக்கும் மூன்று சிம்மும் தாக்குப்பிடித்தன. டவர்களுக்கு பேட்டரி உண்டு, சிலவற்றில் ஜெனரேட்டரும் உண்டு. பேட்டரி சில மணி நேரம் வரும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் வர வேண்டும். ஆள் எப்படி வருவான், படகிலா? மதியம் முதல் சிம் போனது, சாயங்காலம் இரண்டாவது. பெருமையாக 300 காட்டிய சிம்மில் ‘சேவை இல்லை’ என்று வந்தபோது, கடைசியாகக் கணக்கில் வைத்திருந்த மூன்றாவது 2ஜியில் முனகிக்கொண்டிருந்தது. படம் போகாது, குரல் விட்டு விட்டு வரும். ஆனால் எஸ்எம்எஸ் போனது. ஊருக்கு “நல்லா இருக்கோம்” என்று அனுப்பியது அதில்தான். அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்காரர்கள் எங்கள் வாசலில் வரிசையாக நின்று அந்தப் போனில்தான் பேசினார்கள். புதன்கிழமைதான் மற்ற இரண்டும் திரும்பின. அதுவரை மூன்றாவது சிம்முக்கு ரீசார்ஜ் செய்வது தண்டம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவி அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ரயில் கதை சின்னது. வைகை எக்ஸ்பிரஸில் பகல் நேரப் பயணம் என்பதால் அளக்க வசதி. ஏசி பெட்டியில் இரும்பு உடம்பு, மூடிய கண்ணாடி. பக்கத்தில் சாதாரணப் பெட்டி ஜன்னலோரம் போய் நின்றால் எட்டு, பத்து டெசிபல் கூடுதலாக வரும். செங்கல்பட்டு தாண்டும் வரை எல்லாமே நன்றாக இருக்கும். விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் மூன்றுமே மாறி மாறிக் கண்ணாமூச்சி ஆடும். வண்டி ஒரு நிமிடத்தில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் போகிறது, ஒரு டவரைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அதோடு, ஒரு கிராமத்து டவருக்கு வைகை வருவது திடீர்த் திருவிழா மாதிரி. ஆயிரம் போன் ஒரே சமயத்தில் வந்து விழும். கொள்ளிடம் பாலத்தில் மட்டும் எப்போதும் பிரமாதம். மறைக்க ஒன்றுமில்லை, வெறும் மணலும் வானமும். திருச்சிக்கு முன்னால் ஒரு முக்கியமான மெயில் அனுப்ப வேண்டுமென்றால் நான் அந்தப் பாலத்துக்குத்தான் காத்திருப்பேன்.

மதுரையிலிருந்து பஸ். உசிலம்பட்டி வரை சரி. ஆண்டிபட்டி கணவாயில் இரண்டு பக்கமும் மலை மறைக்கும் கொஞ்ச தூரம் எந்த சிம்மும் ஒட்டாது. அங்கே போனைப் பார்ப்பதை விட ஜன்னலைப் பார்ப்பது உத்தமம்.

ஊருக்கு வருவோம். எங்கள் வீடு மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் முதல் சிம் மைனஸ் 118, இரண்டாவது 112. பின்கட்டில், யாரும் மாவாட்டாத பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடக்கிறது. அதன் மேல் போனை வைத்தால் 98 வரும். ஒரு முழம் தள்ளி வைத்தால் 107. ஏன் என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் அலையாக இருக்கலாம். வீட்டில் அதற்கு ‘போன் கல்லு’ என்றே பெயர். “ஏப்பா, போனு அடிக்குது, கல்லுல இருந்து எடு” என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார். அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவதற்குள் கட்டாகிவிடும்.

ஒரு மாதம் அப்பாவின் போனில் நெட் அடியோடு நின்றது. சிக்னல் இருக்கிறது, கால் வருகிறது, வாட்ஸப் மட்டும் அசையவில்லை. பேலன்ஸ் இருக்கிறது. போனை அணைத்துப் போட்டாயிற்று. கடைக்காரர் சிம்மைத் துடைத்துக் கொடுத்து இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் போய்ப் பார்த்தபோதுதான் மேலே ஓரத்தில் சின்னதாக ‘ஆர்’ என்ற எழுத்து. ரோமிங், அதாவது போன் வேறு வட்டத்து டவரில் இருக்கிறது என்று அர்த்தம். போன் பிடித்திருந்தது கேரள வட்டத்து டவரை! எங்கள் ஊருக்கு நேர் மேலே மலை விளிம்பில் ராமக்கல்மேடு, அது இடுக்கி மாவட்டம். அந்தப் பக்கத்து டவர் உயரத்திலிருந்து பார்த்தால் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடக்கும். உள்ளூர் டவர் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்க, போன் வலுவான சிக்னலைத் தேடி மலையேறிவிட்டது. செட்டிங்ஸில் டேட்டா ரோமிங் அணைந்திருந்ததால் நெட் மட்டும் வரவில்லை. அதைப் போட்டதும் சரியானது. நாட்டுக்குள் ரோமிங்குக்கு இப்போதைய பிளான்களில் தனிக் காசு கிடையாது. கம்பம், போடி, செங்கோட்டைப் பக்கம் எல்லை ஓரத்தில் இருப்பவர்கள் நெட் நின்றால் கடைக்கு ஓடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். இருபது ரூபாய் மிச்சம்.

தோட்டத்தில் இன்னொரு வேடிக்கை. திராட்சைப் பந்தலுக்கு அடியில், கொடி இலை கட்டி நிற்கும் மாதங்களில் இரண்டாவது சிம்மின் 5ஜி வரவே வராது. மழை பெய்து இலை நனைந்திருந்தால் 4ஜியும் தள்ளாடும். கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்து பந்தல் வெறும் கம்பியாக நிற்கும்போது அதே இடத்தில் 5ஜி 70 வரை வந்தது. தண்ணீர் தாங்கிய இலை உயர் அலைவரிசையைக் குடித்துவிடும் என்று படித்திருந்தேன், நோட்டில் பார்க்கும்போதுதான் நம்பினேன். அப்பாவிடம் சொன்னால், “அப்ப வருஷத்துக்கு ரெண்டு கவாத்துக்குத்தான் ஒனக்கு நெட்டு” என்றார்.

செலவு. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் கட்டணத்தை ஏற்றிய பிறகு மூன்று சிம்மையும் முழுதாக ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. அளவில்லாத 5ஜி வேண்டுமென்றால் தினம் 2 ஜிபி பிளானுக்குப் போக வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். அதோடு 28 நாளை ஒரு மாதம் என்று கணக்குப் பண்ணுவதால் வருடத்துக்குப் பதிமூன்று ரீசார்ஜ். இந்தக் கணக்கைப் போட்டவரை ஒருமுறை பார்க்க ஆசை. இப்போது இரண்டாவது சிம் மட்டும் முழு பிளானில். உள் அறையில் அதுதான் சோறு போடுகிறது. மூன்றாவதில் உயிரோடு இருக்கிற அளவுக்குக் குறைந்தபட்ச ரீசார்ஜ், புயலுக்காக. 300 காட்டிய முதல் சிம்மை விட்டுவிட்டேன். பால்கனியில் நின்று வேலை பார்க்கிறவராக இருந்திருந்தால் அதைத்தான் வைத்திருப்பேன்.

சிம் மாற்றும் யோசனை இருந்தால், முதலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி கம்பெனிகள் தங்கள் தளத்தில் போட்டிருக்கும் கவரேஜ் வரைபடத்தைப் பாருங்கள். வரைபடம் தெருவைச் சொல்லும், உங்கள் படுக்கையறையைச் சொல்லாது. அதற்கு, அந்த சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு காபிக்குக் கூப்பிடுவதுதான் வழி. அவர் போனை வாங்கி உள் அறைக்குப் போய் ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். நான் மூன்று பேரை இப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். ஒருவர் மட்டும் சந்தேகமாகப் பார்த்தார்.

ஊரிலும் அப்படித்தான் செய்தேன். பக்கத்து வீட்டு மதினியின் போனை வாங்கிப் போய் எங்கள் அடுப்படியில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கம்பெனிதான், ஊரில் புதிதாக 4ஜி போட்டிருந்தார்கள், மைனஸ் 96. சரி, அப்பாவின் நம்பரை அதற்கே மாற்றிவிடலாம் என்று முடிவானது. போர்ட் என்று அடித்து நம்பரைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து அதுவும் போகவில்லை. போன் கல்லில் வைத்துத்தான் அனுப்பினோம். நம்பர் மாற்றுவதற்கான குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வந்தது, உத்தமபாளையம் போய்க் கைரேகை வைத்து புது சிம் வாங்கினோம். நாலாம் நாள் நான் வேளச்சேரியில் மீட்டிங்கில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து வீடியோ கால். பதறி எடுத்தால், திரையில் முகம் இல்லை. குழம்புச் சட்டி, ஆவி, அம்மாவின் கை. “தெரியுதாப்பா? அடுப்படியில நின்னு பேசுறேன்” என்றார்.