பானெட் சூடாக இருந்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள்

4 லட்சத்து 60 ஆயிரம். நேற்று சாயங்காலம் மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட். ராத்திரி தூக்கமில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன் கோவையில், பழைய சொகுசு கார்கள் மட்டும் விற்கிற ஒரு ஷோரூமில் ஒன்பது வயது ஜெர்மன் டீசல் செடான் வாங்கினேன். புதுசில் கோடிக்கு மேல் விலை, எனக்கு 17 லட்சத்து 50 ஆயிரம். டெல்லி வண்டி. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விலை குறைவுக்கு அதுதான் காரணம் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது.

அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். ஷோரூம் விற்பனையாள் கதவைத் திறந்து, "பாத்து உக்காருங்க அப்பா" என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அங்கேயே விழுந்துவிட்டேன். பானெட்டைத் தொட்டேன், சூடு. "இப்பத்தானுங்ணா வாட்டர் வாஷ் போய்ட்டு வந்துச்சு." சரி என்று தலையாட்டினேன், முட்டாள்.

அந்தச் சூடு எதற்கென்று இப்போது தெரிகிறது. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் முதல் சில நொடிகள் சங்கிலியைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம், சூடாக இருந்தால் கேட்பதில்லை. டைமிங் செயின், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க வைக்கும் சங்கிலி, தளர்ந்திருக்கிறது. இந்த எஞ்சினில் அது கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் மாற்ற எல்லாவற்றையும் இறக்க வேண்டும். அப்புறம் பத்தாம் நாள் காலை பார்த்தால் முன்பக்கம் ஒரு மூலை மட்டும் மாடு மண்டியிட்ட மாதிரி தாழ்ந்து கிடக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் பையில், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பையில், கசிவு. அதை ஈடுகட்ட ஓடி ஓடி, காற்றடிக்கிற கம்ப்ரஸரும் போயிற்று. வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேன் போட்டதில் பழைய ஃபால்ட் ஒன்று 1,46,000 கிலோமீட்டரில் பதிவாகியிருக்கிறது. மீட்டர் காட்டுவது 58,000!

போன் செய்தால் முதலில் "டீசல் பங்க்கை மாத்திப் பாருங்ணா". அடுத்து "சொகுசு வண்டி, காலைல இறங்கும், ஸ்டார்ட் பண்ணா ஏறிக்கும்". மூன்றாவது தடவை ஓனர் திருப்பதி போய்விட்டார். நேரில் போனால் டெலிவரி நோட்டின் அடியில் பொடி எழுத்தைக் காட்டுகிறார்கள்: உள்ளது உள்ளபடி. அதில் என் கையெழுத்து. இப்போது வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். தேய்மானத்துக்கு இன்ஷூரன்ஸும் கிடையாதாம், விபத்துக்குத்தான்.

ஆக, 17 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் இன்னொரு 4 லட்சத்து 60 ஆயிரம்.

வாங்கப் போகிறவர்கள் முந்தின நாளே சொல்லி வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள், போனதும் பானெட்டில் கை வையுங்கள். ஒரு ராத்திரி நின்ற பிறகு நாலு மூலை உயரத்தையும் பாருங்கள். அட்வான்ஸ் தருவதற்கு முன்னால் உங்கள் ஆளை வைத்து ஸ்கேன். வெளி மாநில வண்டி என்றால் என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய வரி, அதையும் கேளுங்கள். இன்னும் நிறைய சொல்ல நினைத்தேன், முடியவில்லை.

வண்டி எப்ப வரும் என்று அப்பா இன்று காலையும் கேட்டார். சர்வீஸுக்கு விட்டிருக்கேன்பா என்று சொல்லியிருக்கிறேன்.