386 டாலர் போச்சு: இரவுத் துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு லைட் வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

நாலு நாள் ஆச்சு, கோவம் இன்னும் அடங்கலை. 386 டாலர். ரைஃபிள்ல மாட்டுற லைட் ஒண்ணு, பிஸ்டல்ல மாட்டுற லைட் ஒண்ணு, நாலு 18650 பேட்டரி (சார்ஜ் பண்ற லித்தியம் பேட்டரி), சார்ஜர், அமுக்கினா எரியுற வயர் வெச்ச பிரஷர் சுவிட்ச், எல்லாம் சேர்ந்த செட். துப்பாக்கிச் சாமான் மட்டுமே விக்கிற ஒரு ஆன்லைன் சந்தை, அதுல கடை போட்டிருக்கிற தனி ஆள். பேர் போட்டா பதிவைத் தூக்கிடுவாங்க, அதனால போடலை.

அரிசோனால கோடை வந்துட்டா பகல்ல ரேஞ்சுல நிக்க முடியாது, அதனாலயே ராத்திரிப் போட்டி. நம்ம ஆளுங்களும் இப்ப புதுசா சேர்றாங்க. இன்னொருத்தர் மாட்டக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

அடிமாட்டு விலைன்னா உஷாராயிருப்பேன். கடை விலையை விட 40 டாலர்தான் கம்மி. "பெட்டி பிரிச்சது மட்டும்தான், ரெயில்ல மாட்டினதே இல்லை"ன்னு போட்டிருந்தான். (ரெயில்னா லைட் மாட்டத் துப்பாக்கியில இருக்கிற பள்ளம் வெட்டின சட்டம்.) சீரியல் நம்பர் தெரியுற படம் கேட்டேன், பத்து நிமிஷத்துல வந்துச்சு. சுவிட்ச் வயர் எவ்வளவு நீளம்னு கேட்டேன், ஸ்கேல் வெச்சு அளந்து அனுப்பினான். "நானும் நைட் மேட்ச் சுடுறவன்தாங்க, குழல் முனையில கம்பன்சேட்டர் மாட்டியிருந்தா லென்ஸ்ல கரி அப்பிடும், முன்னாடியே லிப் பாம் தடவிக்கோங்க, மேட்ச் முடிஞ்சு துணியால ஒரு தேய் தேய்ச்சா வந்துடும்"னு யோசனை வேற. யோசனை சரியானதுதான். நான் ஏமாந்து விழுந்ததும் அங்கதான். இவ்வளவு விஷயம் தெரிஞ்சவன் போலி விக்க மாட்டான்னு நம்பி பணத்தைக் கட்டிட்டேன்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்துச்சு, சனிக்கிழமை ராத்திரி போட்டி. மூணாவது ஸ்டேஜ், அதாவது மூணாவது சுற்று, ரைஃபிள். முதல் குண்டுக்கு வெளிச்சம் பாதியாச்சு. ரெண்டாவதுக்கு மினுக் மினுக்னு மங்கல். மூணாவதுக்கு ஸ்ட்ரோப், பட்பட்னு வெட்டி வெட்டி அடிக்குது, டார்கெட்டே தெரியலை. நாலாவதுக்கு மறுபடி முழு வெளிச்சம்!

வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழட்டினப்ப விளங்கிடுச்சு. இந்த மாடல்ல பேட்டரிக்கு முன்னாலயும் பின்னாலயும் தடிமனான ஸ்பிரிங் இருக்கணும். இதுல பின்னாடி மட்டும் பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் மாதிரி ஒண்ணு, முன்னாடி வெறும் பித்தளைப் பொட்டு. சுடுற அதிர்வுல பேட்டரி இம்மி நகர்ந்து கரன்ட் ஒரு கணம் அறுந்து சேருது. உள்ள இருக்கிறது முழு வெளிச்சம், பாதி, மங்கல், ஸ்ட்ரோப்னு பல மோட் இருக்கிற சாதா டார்ச் சர்க்யூட். கரன்ட் அறுந்ததை அது சுவிட்சை லேசா தட்டினதா எடுத்துக்கிட்டு அடுத்த மோடுக்குத் தாவிடுது. அசல்ல ஒரே மோடுதான், தாவ இடமே கிடையாது. வீட்ல அமுக்கிப் பாத்தப்ப ஏன் தெரியலைன்னா, ரெண்டு நொடி அணைஞ்சு கிடந்தா அது திரும்ப முதல் மோடுக்கே வந்துடும்.

கையோட லக்ஸ் மீட்டரும் வெச்சேன். அஞ்சு மீட்டர் தள்ளி நடுப்புள்ளில விழுற வெளிச்ச அளவை, அதாவது லக்ஸை, 25ஆல (அஞ்சு பெருக்கல் அஞ்சு) பெருக்குனா கேண்டெலா, அதாவது கற்றையோட நடுக் கூர்மை. பெட்டில போட்டிருக்கிற 40,000 கேண்டெலாவுக்கு 1,600 லக்ஸ் காட்டணும். காட்டினது 310. அதாவது 7,750 கேண்டெலா. 400 மீட்டர் போகும்னு எழுதினது 176 மீட்டர்தான் போகும். பேட்டரியைச் சமையல் தராசுல வெச்சா 29 கிராம். ஒழுங்கான 18650 எல்லாம் 45 கிராம் கிட்ட இருக்கும். பிஸ்டல் லைட்டும் போலிதான், ரெயில் பள்ளத்துல உக்கார வேண்டிய குறுக்குக் கட்டை மெலிசு, ஆடுது.

இதுக்கப்புறம்தான் கொடுமை. முதல் பதில்: "காண்டாக்டை ஆல்கஹால் வெச்சுத் துடைங்க." துடைச்சேன். அடுத்தது: "உங்க ரைஃபிள்ல ரீகாயில் (பின்னுதை) அதிகம் போல." சுட்டது .223, சின்ன குண்டு! அதுல என்ன ரீகாயில்? படம் அனுப்பினா, "லென்ஸ்ல கரி இருக்கே, யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது"ங்கறான். லிப் பாம் தடவச் சொன்ன அதே ஆள்! சந்தைக்காரங்க கிட்டப் போனா, "அது தனி விற்பனையாளர் பொருள், அவர்கிட்டயே பேசுங்க"ன்னு ஒரே வரியை மூணு தடவை ஒட்டறாங்க. தயாரிப்பாளருக்கு மெயில் போட்டேன். படத்துல இருந்த நம்பர் அசல்தான், ஆனா என் கையில இருக்கிறதுல பொறிச்சிருக்கிற நம்பர் அவங்க கணக்குலயே இல்லையாம். வாரன்ட்டியும் போச்சு. 386 டாலருக்கு யாரும் பொறுப்பில்லை.

லைட்டு, மத்த சாமான் எல்லாம் எப்படிப் பொறுக்கணும்னு முழுசா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

லூமெனை, அதாவது மொத்த வெளிச்சத்தை மட்டும் பாக்காதீங்க, ரைஃபிளுக்குக் கேண்டெலாதான் முக்கியம். பிஸ்டலுக்கு அகலமான வெளிச்சம் போதும். ரொம்பக் கூர்மையா இருந்தா வெள்ளையடிச்ச தடுப்புல பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும்.

18650 பேட்டரில கொள்ளளவு 9,900 எம்ஏஎச்னு போட்டிருந்தா தொடவே தொடாதீங்க. அந்த அளவுல நிஜத்துல 4,000 கிட்டதான் அதிகபட்சம்.

ரெட் டாட்டை (குறி பாக்க சிவப்புப் புள்ளி காட்டுற சைட்) தானா வெளிச்சம் மாத்துற ஆட்டோ மோடுல விடாதீங்க. சுத்தி இருட்டுன்னு அது புள்ளியை மங்கலாக்கிடும், நீங்க டார்கெட்ல லைட் அடிச்சதும் புள்ளி காணாமப் போயிடும். கையால ஏத்தி வெச்சுக்கோங்க.

கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி கிளியர் லென்ஸ்தான். கீழ விழுந்த மேகசினை (குண்டு அடைக்கிற பெட்டி) தேட துப்பாக்கி லைட்டை என்னைக்கும் திருப்பாதீங்க, தலையில ஒரு ஹெட்லேம்ப் தனியா இருக்கட்டும்.

புது லைட்டைப் பகல்லயே ரேஞ்சுக்குக் கொண்டுபோய் எரிய விட்டு 60 குண்டாவது சுட்டுப் பாக்காம போட்டிக்குப் போகாதீங்க.

நான் டெபிட் கார்டுல கட்டினேன், பேங்க்ல இன்னும் இழுத்தடிக்கிறாங்க. நீங்க கிரெடிட் கார்டுல கட்டுங்க. பார்சல் வந்த அன்னைக்கே பொருள் மேல இருக்கிற நம்பரையும் படத்துல வந்த நம்பரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நான் பாக்கலை.