டூயியா, ரங்கநாதனா, தேடல் பெட்டியா?

"இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கான எக்ஸ்ரே சிகிச்சை: 1950இன் ஆராய்ச்சிகள்." இப்படியொரு நூலை எங்கே வைப்பது?

நூலக நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க 1876இல் வந்த டூயி தசம முறை, கிளை பிரியும் ஒரு மரம். நுரையீரல் நோய்களுக்கு 616.24, காசநோய்க்கு 616.995. நூல் இரண்டுக்கும் உரியது, ஆனாலும் ஒரு கிளையில்தான் உட்கார முடியும். பிந்தைய பதிப்புகளில் இடம், காலம் சேர்க்கத் துணை அட்டவணைகள் உண்டு, அடிமரம் மாறவில்லை. எண் சிறியது, கற்பது எளிது, அதனால் உலகமெங்கும் பரவியது. 1994இல் தொடங்கிய யாகூவின் இணைய அடைவும் (தளங்களின் தலைப்புவாரிப் பட்டியல்) இதே மர வழியில் போய் 2014இல் மூடப்பட்டது.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933இல் வெளியிட்ட கோலன் முறை கிளையைத் தேடுவதில்லை, கேள்வி கேட்கிறது. எந்த உறுப்பு? 45, நுரையீரல். எந்த நோய்? 421, காசநோய். என்ன செய்கிறார்கள்? 6, சிகிச்சை. எங்கே? 44, இந்தியா. இப்படி ஒவ்வொரு கேள்வியும் நூலின் ஒரு 'முகம்'; பதில்களைக் கோலன் (:) முதலிய நிறுத்தற்குறிகளால் கோத்தால் நூலின் எண் தயார். முதுகுச் சீட்டில் அடங்காத நீளம்! அது பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

ஆளுமை (நூலின் மையப் பொருள்), பருப்பொருள், ஆற்றல் (செயல்), இடம், காலம் என்று முகங்களுக்கு அவர் வரிசையைக் கட்டியது, அலமாரி ஒற்றைக் கோடு என்பதால். கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சேலை வாங்குபவர் விலையில் தொடங்கினாலும் நிறத்தில் தொடங்கினாலும் சோலர், எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள்கள் ஒவ்வொரு வடிகட்டிக்கும் எண்ணிக்கை காட்டிவிடும். ஆக, கோலன் முறையின் குறியீடும் வரிசையும் திரையில் தேவையில்லை. முகங்களைப் பிரிக்கும் கலை மட்டும் அப்படியே தேவைப்படுகிறது, அங்கேதான் பல தளங்கள் சறுக்குகின்றன. 'வகை' என்ற ஒரே தலைப்பின் கீழ் பருத்தி, நீலம், திருமணம் மூன்றையும் அடுக்கினால் நீலப் பருத்திச் சேலை எதில் சேரும்? ஒரு முகத்துக்கு ஒரே பிரிப்புக் கொள்கை என்பது ரங்கநாதன் அன்றே வற்புறுத்தியது. கடைத்தளப் பொறியாளர்கள் அவரைப் படித்துத்தான் வடிகட்டி செய்தார்கள் என்று நாம் பெருமையடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தகவல் மீட்பு முறைகள் அனைத்துக்கும் பன்முகப் பகுப்பே அடித்தளமாக வேண்டும் என்று லண்டனின் நூல் பகுப்பு ஆய்வுக் குழு (Classification Research Group) 1955இலேயே அறிவித்தது.

மூன்றாவது, தேடல் பெட்டி. யாரும் எதற்கும் சீட்டு ஒட்ட வேண்டாம். இணையத்தின் அளவுக்கு வேறு வழியும் இல்லை. 'காசநோய்' என்று தேடினால் 'டி.பி.' என்று எழுதியது தப்பிவிடும் சிக்கலை, சொல்லைவிட அர்த்தத்தைப் பார்க்கும் பொருள்சார் தேடல் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் அது நெருக்கமானவற்றைத் தரும். "இந்தியா, 1950, மொத்தம் இவ்வளவுதான்" என்று வரம்பு கட்டிச் சொல்லாது.

என் தேர்வு: பள்ளி நூலகத்துக்கு டூயி. மின்னஞ்சல் குவியலுக்குத் தேடல் பெட்டி. கடைக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் பன்முகம், மேலே ஒரு தேடல் பெட்டியோடு. பன்முகத்தில் செலவெல்லாம் விவரம் நிரப்புவதில்தான். ஆண்டு குறிக்காத பதிவு, ஆண்டு வடிகட்டியைத் தொட்டவுடன் காணாமல் போகும்; 'ஆண்டு தெரியாதவை' என்றொரு பெட்டியையும் அங்கே வைத்துவிடுங்கள்.