மக்கள்தொகைக் கணக்கா, மஞ்சள் விலையா?

யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவைப் பாடமாக்க நினைக்கும் கொங்குப் பகுதி ஆசிரியர்களுக்கு இரண்டு வழிகள்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அல்லது வேளாண் சந்தை விலைகளை வெளியிடும் மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் வரும் ஈரோட்டு மஞ்சள் விலை. இரண்டும் இலவசம்.

எளிமை
கணக்கெடுப்பு: ஒருமுறை அச்சிட்டால் போதும், வகுப்பில் இணையம் வேண்டாம்.
மஞ்சள்: அடிக்கடி தளத்தைப் பார்க்க வேண்டும். சந்தை விடுமுறையில் விலை இருக்காது.

பாடம்
கணக்கெடுப்பு: கோவை மாவட்டத்தில் 2001இல் சுமார் 42.7 லட்சம் பேர், 2011இல் 34.6 லட்சம். எட்டு லட்சம் பேர் எங்கே போனார்கள்? பிள்ளைகளே தேடட்டும். 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது தெரியவரும். எண்களை ஒப்பிடுமுன் எல்லையைப் பார் என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் அட்டவணையை நான் கண்டதில்லை.
மஞ்சள்: விரலி, கிழங்கு என மஞ்சள் வகைக்குத் தனித்தனி விலை, அதிலும் குறைந்தபட்சம், அதிகபட்சம், முகடு (பெரும்பாலும் விற்ற விலை). குவிண்டாலைக் கிலோவாக்குவதும் நல்ல பயிற்சி.

புதுமை
கணக்கெடுப்பு பழையது. மஞ்சள் விலை மாறிக்கொண்டே இருக்கும்.

கணினி குறைந்த பள்ளிக்கும் ஆறாம், ஏழாம் வகுப்புக்கும் கணக்கெடுப்பே ஏற்றது. உயர்நிலை வகுப்பில், அதுவும் மஞ்சள் விளையும் ஊரென்றால், சந்தை விலையையே எடுங்கள். வீட்டிலிருந்து பழைய விற்பனைச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதே நாளின் அட்டவணையோடு ஒத்துப்பார்க்க வையுங்கள்.