மொட்டைமாடி வெயிலை அளக்க எது சரி: சோலார் செல்லா, போட்டோடையோடா?

சித்திரை மாதம், பள்ளத்தூரில் அக்கா வீட்டு மொட்டைமாடி. பேனல் போடலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததால், எந்த மூலையில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று அக்கா மகன் அளந்துகொண்டிருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு சிலிக்கான் சோலார் செல், ஒரு மல்டிமீட்டர், ஒரு நோட்டு, இவ்வளவுதான் சாமான். காலை 8 மணிக்கு 0.55 வோல்ட் என்று எழுதியிருந்தான். உச்சிப்பொழுதில் 0.53.

"மாமா, உச்சி வெயிலைவிடக் காலை வெயில்தான் கூடவா?" என்று கேட்டான். தளத்தில் கால் வைக்க முடியாத நேரம் அது. செல் சரியில்லை, ஒளியை உணரும் சின்ன உறுப்பான போட்டோடையோடு ஒன்று வாங்கிவிடலாம் என்று அவனே முடிவும் சொன்னான்.

செல்லும் சரி, மீட்டரும் சரி. வோல்ட்டைப் பார்த்ததுதான் தப்பு. அந்த இடத்தில் போட்டோடையோடு இருந்திருந்தாலும் இதே குழப்பம்தான் வந்திருக்கும், ஏனென்றால் உள்ளே இரண்டும் ஒரே பொருள். இரண்டுமே பி-என் சந்திதான், அதாவது இரண்டு வகைச் சிலிக்கான் ஒட்டிச் சேரும் இடம். ஒளி பட்டால் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடம்) பிரிந்து மின்னோட்டம் பிறக்கிறது. அதே சந்தி, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சாதாரண டையோடாகவும் இருப்பதால், வோல்ட் ஏற ஏற அந்த மின்னோட்டம் உள்ளுக்குள்ளேயே திரும்பக் கசிகிறது. வெளியே கிடைப்பது மிச்சம் மட்டும்.

இதை அவனுக்கு அண்டாவை வைத்துச் சொன்னேன். எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் மழை பெய்தால் வளவு என்னும் நடு முற்றத்தின் மூலையில், கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில், அண்டாவைக் கொண்டுபோய் வைப்பார்கள். மழைதான் ஒளி. விழுகிற தண்ணீர் மின்னோட்டம், அண்டாவில் நிற்கிற மட்டம் வோல்ட். அடியில் குழாய் இருக்கிறது, வெளிச்சுற்று அதுதான், ஆனால் மூடியிருக்கிறது என்று வையுங்கள். தண்ணீர் விளிம்பு வரை ஏறி வழிய ஆரம்பிக்கும். மழை இரண்டு மடங்கானாலும் வழிவதுதான் இரண்டு மடங்காகுமே தவிர, மட்டம் ஒரு விரல்கடை ஏறினால் அதிகம். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து அவன் அளந்தது இந்த மட்டத்தை. சிலிக்கான் சந்தியில் ஒளி 10 மடங்கு கூடினால் இந்த மட்டம் ஏறுவது சுமார் 60 மில்லிவோல்ட்தான்.

வெயில் இன்னொரு வேலையும் செய்கிறது. சந்தி சூடானால் அண்டாவின் விளிம்பே தாழ்ந்துவிடுகிறது, ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். காலையில் 35 டிகிரியில் இருந்த செல் உச்சியில் 60 டிகிரி ஆனால் 50 மில்லிவோல்ட் போய்விடும். ஒளி இரண்டரை மடங்கு கூடியதால் வந்த லாபம் 25 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அவன் நோட்டில் இருந்த 0.55-ம் 0.53-ம் அப்படியே வந்துவிடும்.

இப்போது அடிக்குழாயை முழுக்கத் திறந்துவிடுங்கள். மட்டமே நிற்காது, விழுகிற மழை அத்தனையும் குழாய் வழியே வெளியே வரும். மழை இரண்டு மடங்கானால் வருவதும் இரண்டு மடங்கு. செல்லின் இரு முனைகளையும் நேராக இணைத்தால் ஓடும் குறுக்குச்சுற்று மின்னோட்டம் இதுதான், வெயிலை அளக்க வேண்டியது இதை வைத்துத்தான். வெப்பம் இதை அசைப்பதும் மிகக் குறைவு.

குழாயைப் பாதி திறந்தால் மட்டமும் ஓரளவு நிற்கும், தண்ணீரும் வரும். இரண்டையும் பெருக்கி வருவதுதான் திறன். சோலார் செல்லின் பிழைப்பு இந்த இடத்தில். திறந்த சுற்றில், அதாவது குழாய் மூடியிருக்கும்போது, காட்டும் வோல்ட்டில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் வைத்து வேலை வாங்கினால் அதிகபட்சம் கிடைக்கும்.

போட்டோடையோடுக்காரர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். வெளியிலிருந்து எதிர்த்திசையில் வோல்ட் கொடுப்பது, பாடப்புத்தகத்தில் பின்னோக்குச் சார்பு என்று இருப்பது இதுதான். எவ்வளவு உறிஞ்சினாலும் பெய்கிற மழைதான் வரும். 2 வோல்ட் கொடுத்தாலும் 5 வோல்ட் கொடுத்தாலும் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியானால் எதற்கு உறிஞ்ச வேண்டும்? வேகத்துக்காக. பின்னோக்கி இழுக்கும்போது சந்தியின் இயக்கமில்லாப் பகுதி (எலக்ட்ரானும் துளையும் காலியான இடம்) விரிகிறது, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்குத்திறன் குறைகிறது, அதனால் ஒளி மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்கிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பி.பி.டபிள்யூ. 34 போட்டோடையோடில் அது பூஜ்ய வோல்ட்டில் 70 பிக்கோஃபாரட், 3 வோல்ட் பின்னோக்கிக் கொடுத்தால் 25. டிவி ரிமோட்டின் துடிப்பு நொடிக்குச் சுமார் 38,000 தடவை மினுக்கும், அதைச் சுளுவாகப் பிடித்துவிடும். சோலார் செல் பரப்பில் பெரியது, அதன் மின்தேக்குத்திறன் ஆயிரக்கணக்கான மடங்கு கூட. அந்த வேலைக்கு அது சோம்பேறி.

மாணவர்களைக் குழப்புவது வரைபடம். போட்டோடையோடு பாடத்தில் மின்னோட்டம் கீழ்நோக்கி இறங்கும், சோலார் செல் பாடத்தில் அதையே பல நேரம் தலைகீழாகத் திருப்பி மேலே வரைவார்கள். கோடு ஒன்றேதான். ஒரே பக்கத்தில் இரண்டையும் வரைந்து காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பல வருட ஆதங்கம்.

சரி, எது எதற்கு? வளவைத் தாண்டி வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் போனால் வெளிச்சம் மாடியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே மலிவான சோலார் செல் கையை விரித்துவிடும். அதன் ஓரங்களில் உள்ள சின்னச் சின்னக் கசிவுகளே வந்த மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடலாம். போட்டோடையோடு இருட்டில் கசியவிடுவது சில நானோ ஆம்பியர்தான், மங்கலான ஒளிக்கு அதுதான் ஆள். ஆனால் அதை வைத்து விளக்கெரிக்க முடியாது. 7.5 சதுர மில்லிமீட்டர் பரப்பில், உச்சி வெயிலில் வருவதே 2, 3 மில்லி ஆம்பியர்.

மாடி வெயிலுக்கு நான் சோலார் செல் பக்கம்தான். பேனலும் சிலிக்கான், இதுவும் சிலிக்கான். பேனலுக்கு எந்த நிற ஒளி பிடிக்குமோ இதற்கும் அதே பிடிக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான், செல்லின் குறுக்கே 1 ஓம் ரெசிஸ்டர், கிட்டத்தட்ட முழுக்கத் திறந்த குழாய் மாதிரி. முழு வெயிலில் 130 மில்லி ஆம்பியர் வந்தால் மீட்டரில் 0.13 வோல்ட் காட்டும், மட்டம் விளிம்புக்கு வெகு கீழே நிற்கும். 10 ஓம் போட்டால் மட்டம் விளிம்பைத் தொட்டுப் பழைய கதை திரும்பிவிடும். போட்டோடையோடுதான் வேண்டும் என்பவர்கள் 5 வோல்ட் பின்னோக்கிக் கொடுத்து 1 கிலோ ஓம் போடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இந்த ஊர் மாடிகளுக்கு அது ரொம்ப முக்கியம். பேனலில் செல்கள் தொடராகக் கோத்திருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். கைப்பிடிச் சுவரில் நிற்கும் சுதைப் பொம்மையின் நிழல் ஒரே ஒரு செல்லில் விழுந்தால் போதும், மற்ற செல்கள் எல்லாம் சேர்ந்து அதைப் பின்னோக்கி இழுக்கும். அந்த ஒரு செல் தன் விருப்பமில்லாமல் போட்டோடையோடாக மாறிவிடும். அதற்காகச் செய்த பொருள் இல்லையே, கொதித்துக் கருகும். சுமார் 20 செல்லுக்கு ஒன்று என்று, மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விடும் பைபாஸ் டையோடு வைப்பது இதற்குத்தான். அது செல்லைக் காப்பாற்றும், ஆனால் நிழல் இருக்கும்வரை அந்த வரிசையின் மின்சாரம் இல்லை.

ஒளியிலிருந்து மின்சாரம் வருவதை 1839-ல் பிரெஞ்சு விஞ்ஞானி எட்மண்ட் பெக்கரல் பார்த்தது சிலிக்கானில் இல்லை, கரைசலில் முக்கிய மின்முனையில். அது மின்வேதியியல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அமைந்து, 1953-ல் பக்கத்துக் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் துறை. பள்ளத்தூர்ப் பையன் ஒருவன் இதையெல்லாம் அளந்து பார்ப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

மறுநாள் ரெசிஸ்டரோடு அளந்தான். காலை 8 மணிக்கு 0.052, உச்சியில் 0.131. மேற்குச் சுவரை ஒட்டிய மூலையில் 4 மணிக்குமேல் 0.02. பொம்மையின் நிழல். பேனலைக் கிழக்கே தள்ளிப் போட அக்காவும் சம்மதித்துவிட்டாள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்த பிறகு இன்னொரு தடவை அளக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் அந்த ரெசிஸ்டரைக் கழற்றாதே என்றும்.